செயலிகளிடையே பணிப் பங்கீடு

ஒரே கணிப்பொறியினுள் அமைந்த பல செயலிகளுக்கோ, ஒரே சில்லின்மீது அமைந்த பல கோர்களுக்கோ, எந்த வேலையை எப்போது, எந்த வரிசையில் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் முறை. செயலிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது பொருட்செலவில் முடிகிற காரியம்; அவற்றுள் எதுவும் வீணே காத்திராதபடி வேலையைப் பகிர்ந்தளிப்பதோ, கணித சாஸ்திரத்தின் கடினமான பிரச்சினைகளுள் ஒன்றாக இன்றளவும் இருந்துவருகிறது.

செஞ்சிச் சீமையின் அவலூர்பேட்டை போன்ற ஊர்களில் ஏரிப் பாசன வயலில் ஆட்களைக் கூட்டக் கூட்ட நடவு விரைவாகும். ஆனால் சேறடித்துப் பரம்படித்து முடியும் வரையில் அத்தனை பேரும் வரப்பில்தான் நிற்க வேண்டும். இந்த உண்மையை 1967-இல் கணிப்பொறி வல்லுநர் ஜீன் அம்டால் கணக்காக வகுத்தார்: ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாக வேண்டியதாயின், எத்தனை செயலிகளைச் சேர்த்தாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிட்டாது.

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் பெல் ஆய்வுக்கூடத்துக் கணித அறிஞரும், பல பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கும் வித்தையில் தேர்ந்தவருமான ரொனால்ட் கிரகாம். சும்மா இருக்கும் செயலியிடம் அடுத்த வேலையை உடனே கொடுத்துவிடும் எளிய முறை, மிகச் சிறந்த பங்கீட்டுக்கு ஆகும் காலத்தைப் போல் இரு மடங்கை ஒருபோதும் எட்டாது என்று 1966-இல் அவர் நிறுவினார். செயலிகளைக் கூட்டினாலும், பணிகளின் கால அளவைக் குறைத்தாலுங்கூட, மொத்த வேலை சில வேளைகளில் முன்னிலும் தாமதமாக முடியும் என்ற விபரீதத்தையும் அப்போதே எடுத்துக்காட்டினார். நீண்ட பணிகளை முதலில் கொடுப்பது நலம் என்பது 1969-இல் அவர் கண்ட முடிவு. எனினும் அதுவும் பூரணமன்று. மூன்று நிமிடப் பணிகள் இரண்டும் இரண்டு நிமிடப் பணிகள் மூன்றும் இரு செயலிகளுக்கு வந்தால், இம்முறையில் ஏழு நிமிடம் ஆகும். மூன்று நிமிடப் பணிகள் இரண்டையும் ஒரே செயலியிடம் விட்டுவிட்டால் ஆறே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

கெடுவுக்குள் முடிந்தே தீர வேண்டிய பணிகளின் நிலை இன்னும் சிக்கலானது. பணிகளை எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டால், செயலிகள் பல இருந்தும், ஏறக்குறைய ஒரே செயலி தாங்கும் பளுவிலேயே கெடு தவறக்கூடும் என்று 1978-இல் டால், லியூ என்னும் ஆய்வாளர்கள் காட்டினர். பொதுவில் விடுவது மேலா, செயலிவாரியாக முன்கூட்டியே பிரித்துவிடுவது மேலா என்ற விவாதம் அன்று தொட்டு நீடிக்கிறது. இரு கட்சிக்கும் தக்க சான்றுகள் உண்டு.

இந்தியாவில் முதல் இணைச்செயல் கணிப்பொறி எது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வுக்கூடத்தின் ஃபுளோசால்வர் 1986-இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கக் கட்டுப்பாடுகளால் விரும்பிய கிரே கணிப்பொறி கிட்டாத சூழலில், 1988-இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட பரம் 8000-க்கே பிரசித்தி மிகுதி.

தமிழ்நாட்டின் பங்கு 1990-களில் சிறப்புற விளங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற கிருத்தி ராமமிருதம், ஸ்டான்கோவிக் முதலியோருடன் 1990-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பணியின் கெடுவையும், அது தொடங்கக்கூடிய மிக முந்தைய நேரத்தையும் உரிய எடையிட்டுக் கூட்டி, தொகை குறைந்ததை முதலில் எடுப்பது அதன் சாரம். வரிசை முழுவதையும் ஆராயாமல் முன்னிற்கும் சில பணிகளை மட்டுமே பார்ப்பதால் கிட்டப்பார்வை முறை என்று பெயர் பெற்றது. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே சி. சிவராம மூர்த்தியும் ஜி. மணிமாறனும் இதனை மேலும் வளர்த்தனர். ஒரு செயலியால் கெடுவுக்குள் முடிக்க இயலாத பணியைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியை 1998-இல் வெளியிட்டார்கள். செயலி பழுதானாலும் வேலை தவறாதிருக்க, ஒவ்வொரு பணிக்கும் முதற்படி ஒன்றும் மாற்றுப்படி ஒன்றுமாக வெவ்வேறு செயலிகளில் இடம் ஒதுக்கி, பல பணிகளின் மாற்றுப்படிகளை ஒரே நேரத்தின்மீது ஏற்றி, முதற்படி நல்லபடி முடிந்தவுடன் மாற்றுப்படியின் இடத்தை விடுவித்துவிடும் அவர்கள் கையாண்ட ஏற்பாடு, சிக்கனத்தையும் எச்சரிக்கையையும் ஒருங்கே பேணும் அழகுடையது. இவ்விருவரின் நூல் 2001-இல் எம்.ஐ.டி. அச்சகத்தின் வழியே வந்தது.

2004-இல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில், இமயச் சிகரமொன்றின் பெயர் தாங்கிய கப்ரு அமைந்தது. இரட்டைச் செயலி கொண்ட 144 கணிப்பொறிகளின் அத்தொகுதி, அணுக்கருவினுள் செயற்படும் விசைகளை, கட்டங்களாகப் பகுத்த வெளியில் (கட்டவெளியில்) வைத்துக் கணக்கிடப் பயன்பட்டது. அத்தகைய கணக்கில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் கட்டவெளியின் ஒரு துண்டு உரித்தாகி, துண்டுகளின் விளிம்புச் செய்திகள் மட்டும் அண்டைக் கணிப்பொறிகளுக்குச் செல்லும்.

2005-இல் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் இரட்டைக் கோர்ச் செயலிகள் வீட்டுக் கணிப்பொறிகளுக்குள் புகுந்தபின் இப்பிரச்சினை சர்வசாதாரணமாயிற்று. லினக்ஸ் மென்பொருள் 2007-இல் ஏற்ற பங்கீட்டு முறையை 2023-இல் மாற்றிக்கொண்டது. திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் பரம் பொருள் என்னும் மீக்கணிப்பொறி 2022-இல் நிறுவப்பட்டது. அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ்.