தோல் நிரப்பி ஊசி

தோல் நிரப்பி ஊசி என்பது கூழ் போன்ற ஒரு பொருளைத் தோலுக்குள்ளோ அதன் அடியிலோ செலுத்தும் மருத்துவ முறை. முகச் சுருக்கத்தைக் குறைக்கவும், ஒட்டிய கன்னத்தை நிரப்பவும், உதட்டைத் தடிப்பாக்கவும், பருத் தழும்பின் குழிகளை மேடாக்கவும் இது பயன்படுகிறது. மருத்துவமனைகளிலும் விளம்பரங்களிலும் டெர்மல் ஃபில்லர் என்றே வழங்குகிறது. அறுவை கிடையாது, அன்றே வீடு திரும்பலாம் என்பதால் பலரும் இதை அழகு நிலையச் சேவைகளுள் ஒன்றாக எண்ணுகின்றனர். ஆனால் ஊசி இறங்குவது ரத்த நாளங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் முகத்தில். எந்தப் பொருள், எந்த இடம், யார் கை என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் இதற்கு உடன்படக் கூடாது.

போடாக்ஸ் ஊசி இதிலிருந்து வேறுபட்டது. அது தசையைத் தளர்த்திச் சுருக்கத்தை நீக்குகிறது. நிரப்பி, குறைந்துபோன பருமனை ஈடுசெய்கிறது.

வரலாறு

1893-இல் ஜெர்மானிய மருத்துவர் நோய்பர், கையிலிருந்து எடுத்த கொழுப்பைக் கொண்டு முகத் தழும்பின் பள்ளத்தை நிரப்பினார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னாவின் ராபர்ட் கெர்சூனி பாரஃபினை ஊசியில் ஏற்றினார். அது பரவலாகப் பயன்பட்டு, பின்னாளில் கட்டிகளையும் புண்களையும் உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த திரவ சிலிக்கோனும் பலருக்கு உருக்குலைவைத் தந்தது.

மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் நிரப்பிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1981-இல் ஒப்புதல் அளித்தது. ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால் அதற்கு முன்கூட்டியே தோல் பரிசோதனை தேவைப்பட்டது. 2003-இல் ரெஸ்டிலேன் என்னும் ஹையலுரானிக் அமில நிரப்பி அங்கு ஒப்புதல் பெற்றபின் இவ்வகை நிரப்பிகள் முதலிடத்தைப் பிடித்தன. இந்த அமிலத்தை 1934-இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். மனிதத் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் பொருள் இது.

வகைகள்

ஹையலுரானிக் அமில நிரப்பி பொதுவாக 6 முதல் 18 மாதம் வரை நிற்கும். ஹையலுரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தி இதைக் கரைத்துவிட முடியும் என்பதே இதன் பெரிய பாதுகாப்பு. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் ஓராண்டோ சற்றுக் கூடுதலாகவோ பலன் தரும். பாலி லாக்டிக் அமிலம் உடலே கொலாஜனை உருவாக்கத் தூண்டுகிறது. சில அமர்வுகளுக்குப் பின் மெல்ல மெல்லப் பலன் தெரிந்து, இரண்டாண்டு வரை நீடிக்கலாம். பிஎம்எம்ஏ என்னும் நெகிழியின் நுண்மணிகள் கொண்ட நிரப்பி உடலில் கரையாது. கடைசி மூன்றையும் ஹையலுரோனிடேஸ் கரைக்காது. நிரந்தர நிரப்பியில் நேரும் பிழையும் நிரந்தரமாகவே தங்கக்கூடும் என்பதால், முதன்முறை செய்துகொள்பவர் கரைக்கக்கூடிய வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

பக்க விளைவுகள்

ஊசி போட்ட இடத்தில் வீக்கம், கன்றிப்போதல், சிவப்பு, வலி ஆகியவை பெரும்பாலும் சில நாள்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். கண்ணுக்குக் கீழ் மேலோட்டமாகப் போட்டால் தோல் நீலம் பாய்ந்ததுபோல் தெரியலாம். உதட்டில் முன்பு அக்கி வந்திருந்தால் மீண்டும் கிளம்பக்கூடும். மாதங்கள் கழித்துக் கட்டிகள் தோன்றுவதும் உண்டு. மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் அழற்சிக்குப்பின் கரும்படலம் விழும் வாய்ப்பு அதிகம்.

ரத்த நாள அடைப்பு

அரிதாக நேர்ந்தாலும் மிகக் கொடியது இதுவே. நிரப்பி ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் அப்பகுதித் தோலுக்கு ரத்தம் போகாமல் திசு அழுகிவிடக்கூடும். மூக்கு, புருவ நடு, நெற்றி ஆகிய இடங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். அங்குள்ள தமனிகள் கண்ணுக்கு ரத்தம் கொடுக்கும் தமனியின் கிளைகளோடு இணைந்தவை. ஊசியின் அழுத்தத்தில் கூழ் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அழுத்தம் தளர்ந்ததும் ரத்தத்தோடு விழித்திரைத் தமனிக்குள் சென்று அடைத்துக்கொள்கிறது. இதனால் பார்வை போகலாம்; பல நேரங்களில் அது திரும்புவதில்லை. பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.

ஊசி போடும்போதோ பின்னரோ தோல் திடீரென வெளுத்தால், வலைப்பின்னல் போல நீலக்கோடுகள் படர்ந்தால், கடுமையான வலி எழுந்தால், பார்வை மங்கினால், பேச்சு குழறினால், உடலின் ஒரு பக்கம் மரத்துப்போனால் அது அவசரநிலை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. விழித்திரை ரத்தமின்றி அதிக நேரம் தாங்காது.

தவிர்க்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைப் பொதுவாகச் செய்வதில்லை. ஊசி போடும் இடத்தில் பருவோ சீழோ தொற்றோ இருந்தால் ஆறியபின் பார்க்க வேண்டும். கடும் ஒவ்வாமை, ரத்தம் உறையாக் கோளாறு, தன்னெதிர்ப்பு நோய், தழும்பு மேடிட்டு வளரும் இயல்பு ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை இதற்காகத் தாமாக நிறுத்தக் கூடாது. அவற்றை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

முன்னதாகக் கேட்டறிய வேண்டியவை

1. ஊசி போடுபவர் தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் அறுவையிலோ பட்டம் பெற்றவரா? அவருடைய மருத்துவ மன்றப் பதிவு எண் என்ன?
2. நிரப்பியின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் என்ன? உறை தம் கண்முன் பிரிக்கப்படுகிறதா? அந்த விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.
3. ஹையலுரோனிடேஸ் அங்கேயே இருப்பில் உள்ளதா? பார்வை பாதித்தால் எந்தக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்?
4. எத்தனை மில்லி தேவை, மொத்தச் செலவு எவ்வளவு, எப்போது மீண்டும் போட வேண்டியிருக்கும்?

இணையத்தில் நிரப்பி வாங்கித் தாமே ஏற்றிக்கொள்வதும், ஊசியில்லாமல் காற்றழுத்தத்தால் செலுத்தும் ஹையலுரான் பேனாவும் ஆபத்தானவை. அந்தப் பேனா குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது. மார்பையோ பிட்டத்தையோ பெரிதாக்க நிரப்பி போடுவதையும் அது ஏற்கவில்லை.

வயது வரம்பு

அமெரிக்காவில் இந்த நிரப்பிகளுக்கான ஒப்புதல் பொதுவாக 22 வயது நிரம்பியவர்களுக்கே. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக நிரப்பி போடுவது 2021 அக்டோபர் முதல் குற்றம்.

முகத்தில் சுருக்கம் விழுவது நோயன்று. எனவே இந்த ஊசியில் அவசரம் எதுவும் இல்லை. மேலே கண்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூடத் தெளிவான பதில் தராத இடத்தில் இதைச் செய்துகொள்ளாமல் திரும்பிவிடுவதே சரியான முடிவு.