வண்ணாரப்பேட்டை உறுப்பினர்

ப. ஜீவானந்தத்தைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் மூன்று ஜீவாக்கள்தான் வருகிறார்கள். பாரதியை ஊர் ஊராகக் கொண்டுபோன ஜீவா, தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த ஜீவா, ‘தாமரை’யைத் தொடங்கிய ஜீவா. நான்காவதாக ஒருவரும் உண்டு. 1952 முதல் 1957 வரை சென்னை ராஜ்யச் சட்டசபையில் வண்ணாரப்பேட்டைத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். இவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. வாழ்க்கைக் குறிப்புகளிலும் அந்த ஐந்து வருஷங்கள் ஒரு வரியாக வந்துபோகின்றன. இந்த மௌனத்தின் காரணத்தை ஜீவாவிடம் தேடிப் பயனில்லை. அது நம் ரசனையில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் தொகுதி. வண்ணாரப்பேட்டை ராயபுரத்துக்கு மேற்கே, அதை ஒட்டிக் கிடக்கும் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறியதால் வந்த பெயர். ராயபுரத்தில் 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் வந்தது. பிறகு துறைமுகம், பெரம்பூரில் ரயில்வே பட்டறை, பி அண்டு சி மில். 1918ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டதும், 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்த உழைப்பாளர் கூட்டத்தை நம்பித்தான். ஜீவா உறுப்பினராக இருந்த அதே காலத்தில், 1955ல், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்டாகப் பெயர் மாறிற்று. திருவொற்றியூரில் ஆலை கண்ட என்பீல்டு இந்தியாவும் அந்த வருஷத்ததே. மில்லையும் கப்பலையும் நம்பியிருந்த வடசென்னை மோட்டார் யுகத்துக்குள் காலெடுத்து வைத்த சமயம் அது.

அங்கே நின்று ஜெயித்தவர் அந்த ஊர்க்காரர் அல்ல. 1907ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பூதப்பாண்டியில் பிறந்தவர். இயற்பெயர் சொரிமுத்து. தனித்தமிழ்ப் பற்றில் சில காலம் ‘உயிரின்பன்’ என்று இருந்து, அதை உதறிவிட்டு மறுபடி ஜீவானந்தம் ஆனவர். காந்தியிடமிருந்து பெரியாரிடம், அங்கிருந்து சமதர்மத்துக்கு. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை. 1937ல் ‘ஜனசக்தி’. 1948க்குப் பிறகு தலைமறைவு. அதிலிருந்து வெளிவந்த ஆளை, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற முதல் தேர்தலில், மூட்டை தூக்குபவனும் துணி வெளுப்பவனும் அனுப்பிவைத்த சபை அது.

அந்தச் சபை அப்போது கோட்டையில் கூடவில்லை. மவுண்ட் ரோடு அரசினர் தோட்டத்தில், பின்னால் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்ற கட்டடத்தில் கூடியது. மொத்தம் 375 இடங்கள். காங்கிரஸுக்கு 152தான். கம்யூனிஸ்டுகள் 62 பேர். தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சராகி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று பகிரங்கமாக அறிவித்தார். 1953ல் ஆந்திரம் பிரியும்வரை தெலுங்கு பேசுவோரும், அதன் பிறகும் மலையாளம், கன்னடம் பேசுவோரும் அதில் இருந்தார்கள். காரியம் நடந்த மொழி பெரும்பாலும் இங்கிலீஷ்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 210ஆவது ஷரத்துப்படி சட்டசபை அலுவல் ராஜ்யத்தின் ஆட்சிமொழியிலோ, இந்தியிலோ, இங்கிலீஷிலோ நடக்க வேண்டும். இவற்றில் தன் கருத்தைச் சரிவரச் சொல்ல இயலாத உறுப்பினர் சபாநாயகரின் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்தது 1956 டிசம்பரில்தான். அதுவரை அந்தச் சபையில் தமிழ் என்பது, ஷரத்தின்படி, இயலாதவனுக்குக் காட்டும் சலுகை. ஜீவா அங்கே தமிழில் பேசினார். ஆட்சியும் கல்வியும் தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடினார். சலுகையாகக் கிடைத்த மொழியை உரிமையாகக் கையாண்டது அரசியல் காரியம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். வரவு செலவு, வாடகை, கூலி, மசோதாவின் உட்பிரிவு ஆகியவற்றைத் தமிழில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி உரைநடைக்கு நேர்ந்த நெருக்கடி இல்லையா?

1953ல் ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் பிள்ளைகள் குடும்பத் தொழில் கற்பது. குலக்கல்வி என்ற பெயர் அதற்கு எதிரிகள் இட்டது. கம்யூனிஸ்டுகள், திராவிட இயக்கத்தார், காங்கிரஸுக்குள்ளேயே ஒரு பகுதியினர் எல்லோரும் எதிர்த்தார்கள். சபையில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் 138க்கு 138 என்று சமமாக நின்று தோற்றது. நிறுத்திவைத்து நிபுணர் குழுவிடம் அனுப்பக் கோரியது 139க்கு 137 என்று நிறைவேறியது. எதிர்வரிசையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் எடை இருந்த நாள் அது. அந்த நாற்காலிகளில் ஒன்றின் பெயர் வண்ணாரப்பேட்டை. பரம்பரைத் தொழிலையே ஊர்ப்பெயராகச் சுமந்த ஒரு தொகுதி, பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கத்தான் வேண்டுமா என்ற விவாதத்தில் உட்கார்ந்திருந்தது. 1954ல் காமராஜ் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

இவ்வளவும் இருக்க, நம் நினைவில் தங்கியது குடிசைதான். காமராஜ் அந்தக் குடிசைக்குப் போன கதையைச் சொல்லாதவர் இல்லை. கதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஏன் இவ்வளவு பிரியமாகச் சொல்லப்படுகிறது என்று கேட்கிறேன். ஏழ்மையைக் கும்பிட யாருக்கும் சிரமமில்லை; காங்கிரஸ்காரரும் கும்பிடலாம், கழகத்தாரும் கும்பிடலாம். சட்டசபையில் கேட்ட கேள்வி அப்படிப்பட்டதல்ல, அதற்கு மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். ஜீவாவைத் துறவியாக்கியதில் அவரோடு தர்க்கம் செய்யும் பொறுப்பிலிருந்து எல்லோருமாகத் தப்பித்துக்கொண்டோம்.

நம் வட்டத்துக்கு வேறொரு சௌகரியமும் இருந்தது. 1957 தேர்தலோடு அவருடைய சட்டசபை வாழ்வு முடிந்தது. 1959ல் ‘தாமரை’ வந்தது. அதே வருஷ ஜனவரியில் சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வந்திருந்தது. நாம் நம்மை ‘எழுத்து’வின் வாரிசுகளாக எண்ணிக்கொள்கிறவர்கள். மேடைத் தமிழ் என்றாலே கூசுகிறவர்கள். அந்தக் கூச்சத்துக்கு நியாயம் உண்டு. அடுக்குமொழி செய்த சேதம் கொஞ்சமல்ல. ஆனால் மேடையை ஒதுக்கும் வேகத்தில் ஜீவாவின் முழுப் பேச்சையும் அதிலேயே சேர்த்துக் கட்டிவிட்டோம்.

1963 ஜனவரியில் ஜீவா இறந்தபின் சுந்தர ராமசாமி ‘தாமரை’யில் எழுதிய கட்டுரையின் தலைப்பு ‘காற்றில் கலந்த பேரோசை’. ஒரு பேச்சாளனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் அதற்கு இணை குறைவு. அந்தத் தலைப்பு மைதானத்து ஜீவாவுக்கு முற்றிலும் பொருந்துகிறது. சட்டசபை ஜீவாவுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சுருக்கெழுத்தாளர் இருந்தார். குறுக்கீடு, நேர மணி, சபாநாயகரின் தீர்ப்பு எல்லாவற்றோடும் பேச்சு குறிப்பில் ஏறியது. காற்றில் கலக்காமல் தங்கிய பகுதி இதுதான். வங்கியில் லெட்ஜர் எழுதிப் பிழைக்கிறவன் நான். சொன்னதைக் காட்டிலும் பதிவானதை நம்பித்தான் பழக்கம். ‘சட்டப்பேரவையில் ஜீவா’ என்று கே. ஜீவபாரதி தொகுத்த புத்தகமும் இருக்கிறது. இருந்தும் ஜீவாவின் தமிழைப் பற்றிப் பேசும்போது நாம் அந்தப் பக்கங்களைத் திறப்பதில்லை. கேட்டவர்களின் ஞாபகத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கேட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். இனி ஞாபகத்தை வைத்து விமர்சனம் செய்ய முடியாது.

வாசித்தால் மதிப்பு உயரும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. கட்சி நிலைப்பாடு எங்கே பேசுகிறது, மனிதர் எங்கே பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். கணக்குச் சொல்லும்போது அவருடைய வாக்கியம் எப்படி நடக்கிறது, பதில் கிடைக்காதபோது எப்படி நீள்கிறது என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. கட்சிக்காரர்கள் செய்யமாட்டார்கள். அவர்களுக்குப் படம் போதும்.

வண்ணாரப்பேட்டை என்று இன்று ஒரு சட்டசபைத் தொகுதி இல்லை. பேசின் பிரிட்ஜுக்கும் பெரம்பூருக்கும் நடுவே வியாசர்பாடி ஜீவா என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரயில் நின்று போகிறது. ஜனங்கள் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள். ‘எழுத்து’வின் பழைய இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி அலைகிற நாம், 1952லிருந்து 1957 வரையிலான சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளையும் ஒருமுறை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். தமிழ் உரைநடையின் சரித்திரத்தில் அவையும் சேர்த்திதான்.