கட்டுமானப் பணியிட வன்முறை

கட்டுமானப் பணியிட வன்முறை என்பது, கட்டடம் எழுப்பப்படும் இடத்திலோ அதனைச் சார்ந்த தொழிலாளர் குடியிருப்பிலோ உடன் வேலை செய்வோரிடையே நிகழும் அடிதடி, மிரட்டல், விபரீத விளையாட்டு ஆகியவற்றையும் அவற்றால் நேரும் காயங்களையும் குறிக்கும்.

இந்தியாவில் கட்டட வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர், மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் எனப் படிப்படியாகக் கைமாறிச் செல்வதால், கூலி பாக்கி, முன்பணம், வேலைப் பங்கீடு பற்றிய மனக்குறைகள் மேலிடத்தை எட்டுமுன் களத்திலேயே பூசலாகிவிடுகின்றன. ஒரு குழுவின் வேலை முடிந்தால்தான் அடுத்த குழு தொடங்க முடியும் என்பதும் இதற்கு ஒரு காரணமாகும். கம்பி கட்டுவோர் தாமதித்தால் கலவை காத்திருக்க நேர்கிறது. நீர் சேர்ந்த சிமென்டோ சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். அந்த அவசரத்தில் எழும் வசவு கைகலப்பாக முற்றும்போது கரணை, சுத்தியல், கடப்பாரை போன்ற கருவிகளே ஆயுதங்களாகிவிடுகின்றன. தரையில் தள்ளுமுள்ளோடு முடியக்கூடிய சண்டை, சாரத்தின்மேல் (உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டப்படும் தற்காலிக மேடை) நிகழுமாயின் உயிரையே பறிக்கக்கூடும்.

தாக்கியவர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுப்பது வேறு, காயமுற்றவருக்கு வேலையளிப்பவர் இழப்பீடு தருவது வேறு. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கே இழப்பீட்டை வகுத்தது. வேண்டுமென்றே செய்யப்பட்ட தாக்குதல் விபத்தாகுமா என்ற வினாவுக்கு, இச்சட்டத்துக்கு முன்பே, மாணவர்கள் தாக்கியதில் இறந்த அயர்லாந்து ஆசிரியர் ஒருவரின் வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1914இல் ஆகும் என விடையளித்தது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் கொலை பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2000இல் இக்கருத்தைத் தழுவித் தீர்ப்பளித்தது. தாக்கியவரின் நோக்கம் எதுவாயினும், தாக்குண்டவர் எதிர்பாராத தீங்கு அவரளவில் விபத்தே என்பது இதன் அடிப்படையாகும். எனவே, கலவையைப் பற்றி மூண்ட சண்டையில் பட்ட காயம் வேலையோடு தொடர்புடையதாகக் கொள்ளப்பட இடமுண்டு. ஊர்ப்பகையைத் தீர்த்துக்கொள்ளப் பணியிடத்தில் நடத்தப்பட்ட தாக்குதலுக்கு அத்தொடர்பை நிறுவுவது கடினம்.

2021இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை, கூலி பெறும் இடத்தையும் வேலையளிப்பவர் தரும் தங்குமிடத்தையும் வன்முறையிலிருந்து காக்கப்பட வேண்டிய இடங்களாகச் சேர்த்துள்ளது. 2024 முடிய இந்தியா அதற்கு ஏற்புறுதி வழங்கவில்லை.