பழவினை வருத்தமும் பௌத்த அறமும்: பாறசாலை – நெய்யாற்றங்கரை எல்லைப்புறச் சான்றுகள்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், களியக்காவிளையை அடுத்துப் பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி வழக்கைப் பிரிக்கவில்லை. தமிழும் மலையாளமும் ஒரே நாவில் புழங்கும் இவ்வூர்களில் ஒரு சொல் இரு மொழியிலும் இருவேறு பொருள் தந்து நிற்றல் இயல்பு.

தீங்கு செய்தவன் அதனைப் பின்னர் உணர்ந்து வருந்தும்போது அவ்வருத்தத்தை என்ன செய்வது என்ற வினாவுக்குப் பௌத்தம் தெளிவான விடை தந்துள்ளது. அவ்விடை தமிழிலும் மலையாளத்திலும் எவ்வாறு சொல்லப்பட்டது என்பதையும், இவ்வெல்லைப்புற வரலாற்றில் அதற்குரிய சான்றுகள் யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லும் பொருளும்

'குற்றவுணர்வு' என்பது இக்காலத் தமிழ் வழக்கு. மலையாளத்தில் அதற்கு இணையாகக் 'குற்றபோதம்' வழங்குகிறது. பாலி நூல்கள் இதனை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. தீயது செய்யுமுன் அதனின்று தடுக்கும் நாணம் 'ஹிரி' எனவும், விளைவுக்கும் பழிக்கும் அஞ்சுதல் 'ஒத்தப்ப' எனவும் பெயர்பெறும். இவ்விரண்டும் உலகைக் காக்கும் நற்பண்புகள். செய்து முடித்தபின் எழும் உறுத்தல் 'குக்குச்ச' எனப்படும். செய்த தீமையையும் செய்யாது விட்ட நன்மையையும் எண்ணி மனம் அலைதல் இதன் பொருள். இது நற்பண்பு அன்று. தியானத்தைத் தடுக்கும் ஐந்து தடைகளுள் ஒன்றன் கூறு. காற்றால் அலைவுறும் நீரில் முகம் தெரியாதவாறு இத்தடையுற்ற மனத்தில் உண்மை தெரியாது என்பது ஒரு சுத்தத்தில் வரும் உவமை. சாமஞ்ஞபல சுத்தம் இத்தடையை அடிமைத்தனத்தோடு ஒப்பிடுகிறது. அடிமை தன் விருப்பப்படி நடக்க இயலாதவன். ஓயாது தன்னை நொந்துகொள்பவனும் அத்தகையவனே.

தமிழ் மரபும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. 'இரங்குதல்' என்ற ஒரு வினை பிறர்பால் அருள்கொள்ளுதலையும், கழிந்ததற்கு வருந்துதலையும் ஒருங்கே உணர்த்தும். பின்னதைக் குறிக்கவே 'கழிவிரக்கம்' என்ற தொடர் உண்டாயிற்று. வினைத்தூய்மை அதிகாரத்து 655-ஆம் குறள் இவ்வினையையே ஆள்கிறது. பின்னர் இரங்கத்தக்கவற்றைச் செய்யற்க என்பது அதன் முற்பகுதி. ஒருகால் செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பிற்பகுதியில் உரைகள் வேறுபடுகின்றன. பின்னிருந்து அவ்விரங்கலைச் செய்யாமை நன்று என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அத்தகைய செயலை மீண்டும் செய்யாமை நன்று என்பது மற்றொரு சாரார் உரை. பௌத்த நூல்கள் இவ்விரண்டையும் ஒரே பயிற்சியின் இரு கூறுகளாகக் கொள்கின்றன.

எல்லைப்புற வழக்கில் இன்னொரு சொல்லும் நோக்கத்தக்கது. தமிழில் 'பாவம்' என்பது தீவினையையும் குறிக்கும், 'ஐயோ பாவம்' என்னும்போது இரக்கத்தையும் குறிக்கும். மலையாளம் முன்னதைப் 'பாபம்' என்றும், இரங்கத்தக்க எளியோனைப் 'பாவம்' என்றும் பிரித்துக்கொண்டது. பாறசாலைச் சந்தையில் ஒருவரைப் 'பாவம்' என்றால் கேட்பவரின் மொழியைப் பொறுத்துப் பொருளின் எல்லை விரியும் அல்லது சுருங்கும். தீங்கு செய்தவனும் இரங்கத்தக்கவனே என்ற கருத்து தமிழ்ச் சொல்லுக்குள் இயல்பாகவே அடங்கியுள்ளது. மலையாளக் கவிஞன் அதைக் கதையால் நிறுவ வேண்டியிருந்தது.

2. ஆய் நாட்டுப் பின்புலம்

இன்றைய எல்லைக்கு இருபுறமும் பரவிய நிலப்பகுதி ஒருகாலத்தில் ஆய் மன்னர் ஆட்சியில் இருந்தது. விழிஞம் அவர்தம் துறைமுகம். கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்கு உரிய சாலையும் நிறுவிய செய்தியைக் கி.பி. 866-ஆம் ஆண்டைச் சேர்ந்த கசூர் அலுவலகச் செப்பேடு தருகிறது. சட்டர் ஒருவரையொருவர் வைதாலும் ஆயுதத்தால் புண்செய்தாலும் இறுக்க வேண்டிய தண்டம் அதில் வகுக்கப்பட்டுள்ளது. பிழை நேர்ந்தால் காசு இறுத்துத் தீர்க்கும் முறை இது.

அம்மரபில் வந்த விக்கிரமாதித்திய வரகுணன் சமயப் பொதுமை உடையவன். விளவங்கோடு வட்டத்துச் சிதறாலில், பண்டைத் திருச்சாரணத்து மலையில், சமணக் குரத்தியர் ஒருவர் அளித்த கொடையைக் குறிக்கும் கல்வெட்டு இவனது 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இவனே ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தக் கோயிலுக்கு நிலம் வழங்கினான். அக்கொடையைக் கூறும் பாலியம் செப்பேடு புத்தர், தருமம், சங்கம் ஆகிய மும்மணிகளைப் போற்றித் தொடங்குகிறது. இதனை டி. ஏ. கோபிநாதராவ் பதிப்பித்தார். ஸ்ரீமூலவாசத்தைக் கடல் அரித்தபோது மூஷிக மன்னன் ஒருவன் அதனைக் காத்ததாக அதுலனின் மூஷிகவம்சம் கூறுகிறது. தென்திருவிதாங்கூர் மண்ணில் பௌத்தம் அரசரின் கொடையைப் பெற்ற சமயமாய் விளங்கியது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

3. குமரித்துறையும் அமுதசுரபியும்

பழி நீங்கக் குமரியில் நீராடும் வழக்கத்தை மணிமேகலை ஒரு துயரக் கதையோடு இணைத்துக் காட்டுகிறது. வாரணாசி அந்தணன் ஒருவன் மனைவியாகிய சாலி கற்பு நெறி தவறினாள். அஞ்சித் தெற்கே குமரியாட வந்தவள், கொற்கையைக் கடந்து ஆயர் இருக்கையருகே குழந்தை ஈன்று, அதற்கு இரங்காமல் தோட்டத்தில் விட்டு நீங்கினாள். ஒரு பழியைக் கழுவ வந்தவள் வழியில் அதனினும் பெரிய பழியைச் செய்தாள். தீவினையேனுக்குச் செல்கதி உண்டோ என்று வழியிற் கண்ட அந்தணனிடம் அவள் கேட்டு அழுததாகக் காப்பியம் கூறும். அவ்வினாவுக்கு யாரும் விடை கூறியதாக அங்கு இல்லை.

நீராடலால் வினை கழியுமாயின் தவளையும் ஆமையும் பிற நீர்வாழ் உயிர்களும் சுவர்க்கம் எய்தும் என்று, பனிநீரில் நடுங்கி நின்ற அந்தணனிடம் புண்ணிகை என்னும் அடிமைப் பெண் கூறியதாகத் தேரிகாதை உரைக்கிறது. மணிமேகலை ஆசிரியர் இவ்வாறு வாதம் செய்யவில்லை, கதையை நகர்த்துகிறார். தாய் இரங்காது விட்ட குழந்தையைப் பசு பாலூட்டிக் காத்தது. வளர்ந்த ஆபுத்திரன் தாயின் பழி காரணமாக அந்தணரால் விலக்கப்பட்டு, மதுரையில் பிச்சையேற்று ஆதரவற்றோர்க்கு ஊட்டினான். சிந்தாதேவியிடம் அமுதசுரபி பெற்றான். சாலியின் வினாவுக்கு விடை குமரிக்கடலில் இல்லை, மகனின் கையிலிருந்த பாத்திரத்தில் இருந்தது என்று கொள்ளக் காப்பிய அமைப்பே இடம் தருகிறது.

இதே ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டுப் புண்ணியராசனாகி மணிபல்லவம் வருகிறான். அங்கே தன் பழைய எலும்பைக் காண்கிறான். முற்பிறப்பில் அவன் உண்ணாது உயிர்விட்டமை கேட்டு இரங்கி வந்த ஒன்பது செட்டிகளும் அவர்களைச் சார்ந்தோரும் மடிந்தனர். தன்னுயிரையும் பிறருயிரையும் கொன்றவன் அல்லனோ என்று தீவதிலகை அவனை வினவுகிறாள். அறம் செய்தே வாழ்ந்தவன்மேல் இக்குற்றச்சாட்டு விழுவது காப்பியத்தின் கூர்மையான இடம். துயருற்ற அவனுக்கு மணிமேகலை கூறும் அறிவுரை துறவு அன்று. உன் நாடு அரசனின்றி வாடும், மீண்டு சென்று உயிர்களுக்கு உண்டியும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்கிறாள். வருத்தம் கடமைக்குத் திருப்பிவிடப்படுகிறது.

இது பாலி மரபின் நெறியே. சங்குவமைச் சுத்தத்தில் ஊர்த்தலைவன் ஒருவனிடம் புத்தர் உரைப்பது இதனை விளக்கும். கொலை செய்தவன் நரகம் புகுவான் என்ற அச்சம் மட்டும் அவனை மாற்றாது. நான் செய்தது நன்றன்று. ஆயினும் எத்துணை வருந்தினும் செய்தது செய்யாததாகாது என்று அவன் தெளிய வேண்டும். பின் அச்செயலை அறவே விட்டு நான்கு திசையும் அன்பு பரப்ப வேண்டும். தந்தை பிம்பிசாரனைக் கொன்ற அசாதசத்து தன் பிழையை வெளிப்படக் கூறியபோது, பிழையைப் பிழையெனக் கண்டு ஏற்று இனி அடங்குதல் வளர்ச்சி எனப் புத்தர் ஏற்றுக்கொண்டார். அதே வேளையில், கொலையால் அவன் இழந்த மெய்யறிவையும் பிக்குகளிடம் மறைக்காமல் எடுத்துரைத்தார். ஏற்றல் வேறு, விளைவை இல்லையெனல் வேறு.

4. ஒரு மூலம், இரு மொழிபெயர்ப்பு

எட்வின் ஆர்னால்டு 1879-இல் வெளியிட்ட புத்தர் வரலாற்றுக் காவியத்தைத் திருவிதாங்கூரைச் சேர்ந்த இரு கவிஞர்கள் தத்தம் மொழியில் ஆக்கினர். குமாரன் ஆசான் 'ஸ்ரீபுத்தசரிதம்' பாடினார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'ஆசிய ஜோதி' (1941) இயற்றினார். ஆசான் நெய்யாற்றங்கரையை அடுத்த அருவிப்புறத்தில் நாராயண குருவின் அணுக்கத்தில் வாழ்ந்தவர். 1888-இல் அங்கே குரு செய்த சிவப் பிரதிட்டை சாதி ஒழுங்கைக் கேள்விக்குள்ளாக்கியது.

கவிமணி மூலநூல் முழுவதையும் பெயர்க்காமல் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றுள் பிம்பிசாரன் வேள்வி, புத்தரும் ஏழைச் சிறுவனும் ஆகிய இரண்டும் இவண் கருதத்தக்கன. வேள்வியில் ஆடுகளைக் கொல்ல நின்ற அரசன் புத்தர் சொற்கேட்டு உளம் மாறி, உயிர்ப்பலியை விலக்குகிறான். தீண்டலுக்கு அஞ்சி நின்ற ஆயச் சிறுவனிடம் புத்தர் பால் ஏற்கிறார். 1936-இல் ஆலய நுழைவு அறிக்கை வெளிவந்த நாட்டில், ஐந்தாண்டு கழித்து இப்பாடல்களைப் படித்தோர்க்கு இவை பழங்கதையாக மட்டும் தோன்றியிரா.

ஆசான் மொழிபெயர்ப்போடு நில்லாமல் 'சண்டாலபிட்சுகி' (1922), 'கருணை' (1923) என்னும் காவியங்களைப் படைத்தார். திவ்யாவதான மரபிலிருந்து வந்த கருணைக் கதையில் மதுரா நகரக் கணிகை வாசவதத்தை, செல்வ வணிகனுக்காகத் தன் பழைய காதலனைக் கொல்வித்தவள். உறுப்பறுக்கப்பட்டுச் சுடுகாட்டில் கிடக்கும் அவளிடம் உபகுப்தன் வருகிறான். அவள் அழகோடிருந்த காலத்தில் அழைத்தபோதெல்லாம் நேரம் வரவில்லை என்றவன் அவன். கொலையை அவன் சிறிதாக்கவில்லை, தண்டனையை நியாயப்படுத்தவும் இல்லை. அருகிருந்து அறம் கூறி அவளை அமைதியோடு இறக்கச் செய்கிறான். 'பாபம்' செய்தவளைப் 'பாவம்' என்று காணச் செய்வதே காவியத்தின் பணி.

5. ஊரூட்டம்பலத்துப் பலகை

தனிமனிதன் பழிக்கு வழி சொன்ன இந்நெறி, ஒரு சமுதாயத்தின் பழிக்கும் பொருந்துமா என்பது எஞ்சிய வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோள்சீலைப் போராட்டம் கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலும் நெய்யாற்றங்கரையிலும் நிகழ்ந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இலும், மேலாடைத் தடையின் கடுமை 1859-இலும் ஆணையால் நீங்கின. ஆயினும் பள்ளிக்கதவு திறக்கவில்லை. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அன்றைய நெய்யாற்றங்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க முயன்றார். எதிர்த்தோர் பள்ளியையே எரித்தனர். 1914–15-இல் நிகழ்ந்த கலகம், கொல்லம் ஆண்டு 1090-ஐ ஒட்டித் 'தொண்ணூறாமாண்டு லகள' என்று மலையாளத்தில் பெயர்பெற்றது.

பாதி எரிந்த ஒரு பலகை இருக்கை அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2022-இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி பெயர்களைச் சூட்டியது. எரித்தவர்களும் விலக்கப்பட்டவர்களும் இன்று இல்லை. இருவர் வழிவந்தோரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். பலகையை அகற்றி மறப்பது குமரியாடலுக்கு ஒப்பாகும். அதைக் காட்டி இன்றைய குழந்தையை நோகச் செய்வது குக்குச்சத்தை வளர்ப்பதாகும். பிழையைப் பிழையென வெளிப்படக் கூறிக் கதவைத் திறந்துவைத்தல் அசாதசத்துவுக்குச் சொல்லப்பட்ட நெறியோடு ஒத்துள்ளது. இச்செயல் பௌத்தத்தின் பெயரால் செய்யப்பட்டதன்று என்பதும் உடன் கூறத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, பௌத்த நூல்களைத் தமிழாக்குவோர் எல்லா இடத்தும் 'குற்றவுணர்வு' என்ற ஒரு சொல்லையே இடுதல் பொருந்தாது. ஹிரிக்கு 'நாண்', ஒத்தப்பத்துக்குப் 'பழியச்சம்', குக்குச்சத்துக்குக் 'கழிவிரக்கம்' எனப் பிரித்தாளுதல் தக்கது. போற்றத்தக்க உணர்வும் நீக்கத்தக்க உணர்வும் ஒரே பெயர் பெற்றால் நூலின் அறிவுரையே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது, சாலி கேட்ட வினா ஒரு காப்பியப் பாத்திரத்தின் வினா மட்டுமன்று. அவள் குமரி நோக்கி நடந்த தென்புலத்தில், செப்பேட்டின் தண்டமும் கடல்நீராடலும் அதற்கு வெவ்வேறு விடைகளாக முன்வைக்கப்பட்டன. மணிமேகலை காட்டிய விடை உண்டியும் உடையும் உறையுளும் ஆகும். தோள்சீலைக்கும் பள்ளிக்கதவுக்கும் போராடிய மக்கள் வாழ்ந்த எல்லைப்புறத்தில் அவ்விடையின் பொருள் இன்னும் தீர்ந்துவிடவில்லை.