சிறிய பல்கலைக்கழகங்களும் இருதய, மூளை ஆய்வு மானியங்களும்: விண்ணப்பிக்க முன் அறிய வேண்டியவை

இருதயம், மூளை சம்பந்தமான ஆய்வு என்றால் அது கொழும்பு, பேராதனை, ராகம போன்ற இடங்களிலுள்ள பெரிய மருத்துவ பீடங்களின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கிழக்கிலுள்ள ஓர் இளம் விரிவுரையாளரிடம் "நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டால், "எங்களுக்கு யார் சேர் தரப்போகிறார்கள்?" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது.

நான் பாடசாலை ஆசிரியர், ஆய்வாளர் அல்லர். ஆனால் என்னிடம் படித்து இன்று விரிவுரையாளர்களாக இருக்கும் சிலர், தங்கள் ஆய்வு விண்ணப்பங்களின் தமிழ்ப் பகுதிகளை, அதாவது தகவல் தாள், சம்மதப் படிவம், கேள்விக்கொத்து ஆகியவற்றை, பார்த்துத் தரும்படி அனுப்புவார்கள். அந்த வழியில் விண்ணப்பம் எப்படித் தயாராகிறது என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சிறிய பல்கலைக்கழகம் என்பது விண்ணப்பத்தில் மறைக்க வேண்டிய குறையல்ல, சரியாக எழுதினால் அதுவே விண்ணப்பத்தின் பலம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஏன் இந்தத் துறை?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019 ஆம் ஆண்டில் மட்டும் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏறத்தாழ 1 கோடியே 79 இலட்சம் பேர் மரணித்தனர். உலகின் மொத்த மரணங்களில் இது 32 சதவீதம். இவற்றில் 85 சதவீதம் மாரடைப்பினாலும் பாரிசவாதத்தினாலும் ஏற்பட்டவை. முக்கால்வாசிக்கும் மேற்பட்டவை குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை.

நமது பிராந்தியத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, தென்னாசியர்களுக்கு முதலாவது மாரடைப்பு ஏனையோரை விட ஏறத்தாழ 6 வருடங்கள் முந்தி, 53 வயதளவில் வருவதைக் காட்டியது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயதில் குடும்பத் தலைவர் விழுந்துவிடுகிறார் என்பதே இதன் பொருள்.

இருதயத்தையும் மூளையையும் சேர்த்துப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியவை இருதயக் குழாயைக் கெடுப்பது போலவே மூளைக் குழாயையும் கெடுக்கின்றன. 'லான்செட்' ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோயின் 45 சதவீதமளவு மாற்றக்கூடிய 14 காரணிகளுடன் தொடர்புடையது என்றது. அந்தப் பட்டியலிலும் இதே நான்கும் உள்ளன. ஆகவே இரத்த அழுத்தம் பற்றிய ஒரு நல்ல ஆய்வை இருதய நிதிக்கும் மூளை நிதிக்கும் பொருந்தும்படி அமைக்க முடியும்.

சிறியவர்களுக்கென்றே ஒதுக்கிய நிதி

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் 'ஆர்-15' என்ற பெயரில் ஒரு மானியத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளன. கடந்த 7 நிதியாண்டுகளில் 4 ஆண்டுகளிலோ அதற்கு மேலோ, ஆண்டுக்கு 60 இலட்சம் டொலருக்கு அதிகமாக அந்த நிறுவகங்களிடம் நிதி பெற்ற பல்கலைக்கழகம் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அதிகம் பெறாதவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். 3 வருடங்களுக்கு நேரடிச் செலவாக 3 இலட்சம் டொலர் வரை கிடைத்து வந்தது. விண்ணப்பத்தில் விஞ்ஞானத் தரத்துடன், மாணவர்கள் ஆய்வில் எப்படி ஈடுபடுவார்கள், பல்கலைக்கழகத்தின் ஆய்வுச் சூழல் எப்படி முன்னேறும் என்பதையும் எழுத வேண்டும். அமெரிக்க இருதயச் சங்கமும் இதே நோக்கில் சிறிய நிறுவனங்களுக்கெனத் தனி மானியம் வைத்திருக்கிறது.

இவை அந்நாட்டு நிறுவனங்களுக்கானவை, நமக்கு நேரடியாகக் கிடைக்காது. ஆனால் பெரியவர்களோடு ஒரே ஓட்டப்பந்தயத்தில் விட்டால் சிறியவர்கள் தோற்பார்கள் என்பதை உணர்ந்து தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். இப்படியொரு பிரிவை நமது நாட்டிலும் கேட்க நமக்கு உரிமையுண்டு. அது வரும்வரை, மாணவர் பங்களிப்பையும் நிறுவன முன்னேற்றத்தையும் நாமாகவே விண்ணப்பத்தில் எழுதலாம்.

இலங்கையில் எங்கே விண்ணப்பிப்பது?

முதல் இடம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி. தொகை சிறிதாக இருந்தாலும் முன்னோடி ஆய்வுக்கு இதுவே பொருத்தம். 50 பேரிடம் எடுத்த தரவு கையிலிருந்தால் அடுத்த விண்ணப்பம் வெறும் எண்ணமாக இருக்காது.

இரண்டாவது, 1994 ஆம் ஆண்டின் விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய விஞ்ஞான மன்றம். மூன்றாவது, 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்ட தேசிய ஆராய்ச்சிப் பேரவை. இவ்விரண்டும் போட்டி அடிப்படையில் மானியம் வழங்குகின்றன. நான்காவது வெளிநாட்டு நிதி. உதாரணமாக, அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட அல்சைமர் சங்கத்தின் சர்வதேச ஆய்வு மானியங்களுக்கு பிற நாட்டு ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம். முடிவுத் திகதி, தொகை, தகைமை ஆகியன ஒவ்வொரு சுற்றிலும் மாறக்கூடும். நண்பர் அனுப்பிய பழைய படிவத்தை நம்பாமல் அந்தந்த நிறுவனத்தின் நடப்பு அறிவித்தலைப் பார்ப்பதே சரி.

கேள்விதான் முதல்

விலையுயர்ந்த இயந்திரம் தேவைப்படும் கேள்வியைச் சிறிய பல்கலைக்கழகம் கேட்டால், "இதைச் செய்ய உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார். இரத்த அழுத்தமானி, கேள்விக்கொத்து, பொறுமையான களப்பணி ஆகியவற்றால் விடை காணக்கூடிய பெறுமதியான கேள்விகள் நிறைய உண்டு.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த 'கோப்ரா' ஆய்வைப் பாருங்கள். 30 சமூகங்களில் 2,645 பேர் பங்கேற்றனர். அரச சமூக சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்து ஆலோசனை வழங்கினர், தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினர். 2 வருடங்களின் பின், வழமையான சேவை பெற்றவர்களை விட இவர்களது மேல் அழுத்தம் சராசரியாக 5.2 அலகு அதிகம் குறைந்திருந்தது. 2020 இல் உலகின் முன்னணி மருத்துவ சஞ்சிகையொன்றில் இது வெளியானது. இதை நடத்தியவை பெரிய நிறுவனங்கள்தாம். ஆனால் ஆய்வின் உயிர் இருந்தது ஆய்வுகூடத்தில் அல்ல, வீட்டு வாசலில்.

நமது ஊர்களின் வீட்டு வாசலுக்கு நம்மை விட நெருக்கமானவர் யார்? ரமழானில் அழுத்த மாத்திரை குடிப்பவர்கள் நேரத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள், யாரிடம் கேட்டு மாற்றுகிறார்கள்? நீரிழிவும் நோன்பும் பற்றி 2021 இல் சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் பங்களிப்புடன் புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டல் உண்டு. அது நமது கிளினிக்குகளில் எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது? பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். முகம் கோணிய ஒருவர் ஊரிலிருந்து வைத்தியசாலை வந்து சேர எவ்வளவு நேரமாகிறது? இடையில் எங்கே தாமதிக்கிறார்கள்? ஓதிப் பார்ப்பதும் எண்ணெய் தேய்ப்பதும் அந்த நேரத்தில் எவ்வளவை எடுக்கின்றன? இக்கேள்விகளைத் தூரத்திலிருந்து வரும் ஆய்வாளர் கேட்டால் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

இல்லாததை இரவல் வாங்குங்கள்

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை வளாகத்தில்தான் தொடங்கியது. அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. மருத்துவ பீடம் இல்லாமலேயே வளர்ந்த அந்நிறுவனத்தில் உயிரியலும் புள்ளிவிபரமும் சமூகவியலும் இஸ்லாமியக் கற்கைகளும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்தால் ஒன்றிடம் இல்லாதது மற்றதிடம் கிடைக்கும்.

ஆனால் கூட்டாளியின் பெயரை அலங்காரத்துக்குப் போடக்கூடாது. வைத்திய நிபுணர் என்ன செய்வார், புள்ளிவிபரவியலாளர் மாதிரி அளவை எப்படிக் கணித்தார், இரத்தப் பரிசோதனை எங்கே நடக்கும் என்று ஒவ்வொருவரின் வேலையையும் எழுதிக் கையொப்பக் கடிதம் பெற வேண்டும். அரச வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தரவு எடுப்பதாயின், உரிய பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதி பற்றி ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். தரவின் உரிமையும் கட்டுரையில் பெயர் வரிசையும் பணம் வர முன்பே எழுத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் களப்பணி நம்முடையது, பெயர் மற்றவருடையது என்றாகிவிடும்.

சம்மதம் என்பது கையொப்பம் அல்ல

மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுக்கு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அங்கீகாரம் அவசியம். புதிய சிகிச்சை முறையைச் சோதிப்பதாயின் இலங்கை மருத்துவப் பரீட்சார்த்தப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனத்தில் எடுக்க வேண்டும்.

என்னிடம் வரும் படிவங்களில் அதிகம் சிவப்புப் பேனை படுவது இங்கேதான். "இவ்வாய்வில் பங்குபற்றுவதனால் ஏற்படக்கூடிய பாதகமான விளைவுகள் குறைந்தபட்ச அளவினதாகும்" என்று எழுதியிருப்பார்கள். வீட்டிலிருக்கும் ஓர் உம்மாவுக்கு இதில் என்ன விளங்கும்? "கையில் ஊசி ஏற்றி இரண்டு தேக்கரண்டி அளவு இரத்தம் எடுப்போம். கொஞ்சம் வலிக்கும். சிலருக்கு அந்த இடம் நீலமாகும். விருப்பமில்லை என்றால் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்கள் கிளினிக் மருந்து நிற்காது" என்று எழுதினால் விளங்கும். கடைசி வசனம்தான் மிக முக்கியம். மருந்து நின்றுவிடும் என்ற பயத்தில் தரப்படும் சம்மதம் சம்மதமே அல்ல.

பள்ளிவாசல் நிர்வாகத்தின் அனுமதி ஊருக்குள் நுழைய உதவும். ஆனால் தலைவர் சரி சொன்னார் என்பதற்காக மஹல்லாவாசிகள் எல்லோரும் சம்மதித்ததாக ஆகாது. கணவர் சரி சொன்னார் என்பதும் மனைவியின் சம்மதம் அல்ல. இடுப்பளவு, கைப்பட்டி அழுத்தம் போன்றவற்றைப் பெண்களிடம் அளக்கப் பெண் தரவு சேகரிப்பாளர்களை நியமியுங்கள். அதற்கான கொடுப்பனவையும் பாதீட்டில் காட்டுங்கள்.

பாதீட்டில் கவனிக்க வேண்டியவை

செலவின் ஒவ்வொரு வரியும் ஆய்வின் ஒரு வேலைக்குப் பதில் சொல்ல வேண்டும். தரம் உறுதிசெய்யப்பட்ட அழுத்தமானிகள், போக்குவரத்து, களப்பணியாளர் கொடுப்பனவு, பரிசோதனைக் கட்டணம், கேள்விக்கொத்து மொழிபெயர்ப்பு ஆகியவை நியாயமான வரிகள். மடிகணினியும் வெளிநாட்டு மாநாடும் பாதித் தொகையை விழுங்கினால் மதிப்பீட்டாளரின் நம்பிக்கை போய்விடும். 2022 இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டதை மறக்க வேண்டாம். இறக்குமதிப் பொருட்களில் தங்கியிருக்கும் ஆய்வு நடுவழியில் நிற்கலாம். பெறுகை நடைமுறைக்கு எடுக்கும் காலத்தை நிதிப் பிரிவிடம் முன்பே கேட்டு வேலைத்திட்டத்தில் சேருங்கள். ரமழானையும் பரீட்சைக் காலத்தையும் மாரி மழையையும் கூட அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நிராகரிக்கப்படுவது உலகமெங்கும் வழமை. மதிப்பீட்டாளரின் குறிப்புகள் கிடைத்தால் அவற்றை வரிவரியாகப் பிரித்து, எதைத் திருத்தினோம், எதை ஏன் திருத்தவில்லை என்று எழுதி மீண்டும் அனுப்புங்கள். வேறு துறையைச் சேர்ந்த ஒருவரிடம் சுருக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். அவருக்கு விளங்காவிட்டால் திருத்த வேண்டியது சுருக்கத்தைத்தான்.

சமூகத்தின் பங்கு

தனவந்தர்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டடத்துக்கும் வாயிலுக்கும் கொடுப்பதில் நாம் குறைந்தவர்கள் அல்ல. ஒரு முன்னோடி ஆய்வுக்குத் தேவையான சில அழுத்தமானிகளும் வாகனச் செலவும் அதற்கு முன் மிகச் சிறிய தொகை. ஸகாத் நிதியைத் தொடுவதாயின் உலமாக்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஸதகாவாகவோ வக்ஃபாகவோ கொடுப்பது பற்றியும் அவர்களுடன் பேசலாம். கொடுப்பவர் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் எழுத்தில் இருக்கட்டும்.

நமது உம்மா வாப்பாமார் மாதாமாதம் கிளினிக் வரிசையில் நின்று வாங்கி வரும் மாத்திரைகளைப் பற்றி, அவர்களுடைய மொழியில், அவர்களுடைய வாழ்க்கை முறைக்குள் வைத்துக் கேட்கப்படும் கேள்விகள் மிகக் குறைவு. அவற்றைக் கேட்கக்கூடிய பிள்ளைகள் ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அடுத்த அறிவித்தல் வரும்போது அவர்களில் ஒருவராவது படிவத்தை நிரப்பத் தொடங்கட்டும். வல்ல அல்லாஹ் அம்முயற்சிகளுக்கு பரக்கத் செய்வானாக.