படகு இஞ்சின் எண்ணெய்க் கசிவு

படகு இஞ்சின் எண்ணெய்க் கசிவு என்பது மீன்பிடிப் படகுகளில் பயன்படும் உள் எரி பொறிகளிலிருந்து உயவு எண்ணெய் வெளியேறுவதைக் குறிக்கும். பல வாரங்கள் ஓடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட இஞ்சினை மீண்டும் இயக்கும்போது இது மிகுதியாகத் தென்படுகிறது. குளிர் நாடுகளில் கோடை முழுவதும் கொட்டகையில் கிடக்கும் பனி உந்துகளிலும் இதே சிக்கல் உண்டு. தமிழகக் கடற்கரையில் உப்புக் காற்று இதனை மேலும் கடுமையாக்குகிறது. எண்ணெய் காணப்படும் இடமும் அது கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே கசிவின் மூலத்தைக் கண்டறிவதே பழுதுபார்த்தலின் முதற்படி ஆகும்.

பின்னணி

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் கோவளம், பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. இவை மணற்கரையிலேயே ஏற்றி இறக்கப்படுபவை. இவற்றில் இருவகை இஞ்சின்கள் பயன்படுகின்றன. ஒன்று, நீண்ட தண்டின் முனையில் விசிறி கொண்ட ஒற்றை உருளை டீசல் இஞ்சின். இதை மீனவர் 'லாங் டெயில்' என்பர். மற்றொன்று, படகின் பின்புறத்தில் தொங்கவிடப்படும் வெளிப்பொருத்து இஞ்சின்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பால் இப்படகுகள் நாட்கணக்கில் கரையேற்றி வைக்கப்படுகின்றன. 2022 திசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது இத்தகைய காலத்திலேயே. பெரிய விசைப்படகுகளுக்குத் தமிழகக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. இவ்வாறு ஓய்ந்து கிடந்த இஞ்சின்கள் மீண்டும் இயக்கப்படும் முதல் நாளே கசிவு வெளிப்படும் நாளாக அமைகிறது.

கசிவின் முக்கியத்துவம்

ஒற்றை உருளை டீசல் இஞ்சினின் எண்ணெய்க் கலம் பொதுவாக ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையே கொள்ளும். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் கசியும் இஞ்சின் மணிக்கு 180 மில்லிலிட்டர் எண்ணெயை இழக்கும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் இஞ்சினில் நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி எண்ணெய் தீர்ந்துவிடும். எண்ணெய் குறைந்ததும் கிராங்குத் தண்டின் தாங்கிகள் சூடேறி, உந்துருளை இறுகி, இஞ்சின் நின்றுவிடும். தரையில் இது பொருள் இழப்பு மட்டுமே. நடுக்கடலில் உயிருக்கே இடராகும்.

காரணங்கள்

* ஆயில் சீல் உலர்தல்: ஓடும் இஞ்சினில் தண்டைச் சுற்றியுள்ள இரப்பர் உதடு எண்ணெயில் நனைந்து மென்மையாக இருக்கும். ஓய்வில் அது உலர்ந்து கடினமாகித் தண்டுடன் ஒட்டிக்கொள்ளும். முதல் சுழற்சியில் கிழியவும் கூடும்.
* தண்டில் துரு: சீலின் உதடு படியும் வளையத்தில் உப்பு ஈரம் தங்கிச் சிறு குழிகளை உண்டாக்கும். இக்குழிகள் புதிய சீலையும் அராவிவிடும். புதிய சீல் போட்டும் நிற்காத கசிவுக்கு இது பொதுவான காரணமாகும்.
* மூச்சுக்குழல் அடைப்பு: எண்ணெய்க் கலத்தின் வளி அழுத்தத்தை வெளியேற்றும் சிறு குழலில் குளவி மண்கூடு கட்டிவிடுவதுண்டு. அழுத்தம் வெளியேற வழியின்றி நல்ல நிலையில் உள்ள சீல்கள் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். இந்நிலையில் சீலை மாற்றுவதால் பயனில்லை.
* கேஸ்கெட் சுருங்குதல்: காகிதம், தக்கை ஆகியவற்றாலான கேஸ்கெட்டுகள் உலர்ந்து சுருங்கும், திருகாணிகள் தளரும்.
* எரிபொருள் கலத்தல்: எரிபொருள் ஊட்டியிலோ தெளிப்பானிலோ பழுது இருந்தால் டீசல் எண்ணெய்க் கலத்தில் இறங்கும். எண்ணெய் நீர்த்து, அளவு கூடி, இணைப்புகள் வழியே வழியும்.
* நரம்பு சுற்றுதல்: வெளிப்பொருத்து இஞ்சினில் அறுந்த தூண்டில் நரம்பு விசிறித் தண்டில் சுற்றிச் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் வெளியேறிக் கடல்நீர் உட்புகும்.

கண்டறியும் முறை

1. இயக்குவதற்கு முன் அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் கசிவு. கூடியிருந்தால் டீசலோ நீரோ கலந்துள்ளது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது எனப் பொருள். ஐயம் இருப்பின் ஒரு துளியைச் சூடான இரும்புத் தகட்டில் விட வேண்டும். படபடவென வெடித்தால் அதில் நீர் உண்டு. இந்நிலையில் இஞ்சினை இயக்கக் கூடாது.
2. வெளியேறிய திரவம் எது என அறிய வேண்டும். ஓடிய இஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும். டீசல் மெல்லியது, செய்தித்தாளில் விட்டால் விரைந்து பரவும். கியர் எண்ணெய் தடித்தது. கந்தக நெடி உடையது.
3. மூச்சுக்குழலைக் கழற்றிக் கம்பியால் தூய்மை செய்து, வாயால் ஊதிப் பார்க்க வேண்டும்.
4. இஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். பழைய எண்ணெய்ப் படிவின்மேல் புதுக் கசிவைக் கண்டறிய இயலாது.
5. ஐயத்திற்குரிய இணைப்புகளில் முகப்பவுடர் அல்லது சுண்ணக்கட்டித் தூளைத் தூவி, அடியில் அட்டையை விரிக்க வேண்டும்.
6. கையால் சில சுற்றுகள் சுற்றிய பின், சுமையின்றிச் சில நிமிடங்கள் மட்டும் இயக்கி நிறுத்த வேண்டும். தூள் முதலில் நனையும் இடமே கசிவின் மூலம்.
7. எப்போதும் மேலிருந்து கீழாக ஆராய வேண்டும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். காற்றால் குளிரும் இஞ்சினில் விசிறி அதைப் பின்னோக்கியும் சிதறடிக்கும். அடித்தட்டில் தொங்கும் துளி மேல்மூடியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

உலர்ந்த சீல் வழியான சிறு கசிவு, இஞ்சின் சூடாகி இரப்பர் மீண்டும் நனைந்ததும் நின்றுவிடக் கூடும். ஓட ஓடக் குறையும் கசிவைக் கண்காணித்தால் போதும். ஓட ஓடக் கூடும் கசிவைச் சரிசெய்யாமல் கடலுக்குச் செல்லலாகாது.

வெளிப்பொருத்து இஞ்சின்

இருவீச்சு வகை இஞ்சினில் தனி எண்ணெய்க் கலம் இல்லை. எண்ணெய் எரிபொருளுடன் கலந்தே செல்கிறது. நீண்ட ஓய்வுக்குப் பின் விசிறியருகே சொட்டும் கரிய நீர்மம் பெரும்பாலும் எரியாமல் தங்கிய கலவையே தவிரக் கசிவு அன்று. ஓடத் தொடங்கியதும் அது நின்றுவிடும். கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்தினால் உண்மை தெரியும். நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது; எனவே உட்புகுந்த நீர் முதலில் வெளிவரும்.

கட்டுமீறிய ஓட்டம்

எண்ணெய்க் கலத்தில் டீசல் கலந்து அளவு மிகும்போது, அக்கலவை மூச்சுக்குழல் வழியாகவோ உந்துருளை வளையங்களைக் கடந்தோ எரியறைக்குள் செல்லக் கூடும். அப்போது இஞ்சின் தன் எண்ணெயையே எரித்து வேகம் கூடிக்கொண்டே போகும். எரிபொருளை நிறுத்தினாலும் நிற்காது. காற்று நுழைவாயைப் பலகை போன்ற உறுதியான பொருளால் அடைப்பதே இதனை நிறுத்தும் வழியாகும். வெறுங்கையால் அடைக்கக் கூடாது. கசிவைக் கண்டதும் அளவு பார்க்காமல் எண்ணெயை மேலும் ஊற்றும் வழக்கம் இதனால் தவிர்க்கப்பட வேண்டும்.

தடுப்பு முறைகள்

கரையேற்றும் முன் இஞ்சினைச் சூடாக்கிப் பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுவது நல்லது; பழைய எண்ணெயில் உள்ள அமிலங்கள் தாங்கிகளையும் சீல்களையும் அரிக்கும். வெளிப்பொருத்து இஞ்சினை நன்னீர்த் தொட்டியில் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். மூச்சுக்குழலின் வாயைத் துணியால் கட்டி, நினைவுக்காக அதில் ஓர் அடையாளச் சீட்டும் கட்டலாம். வாரம் ஒருமுறை தண்டைக் கையால் சுற்றி வைத்தால் சீலின் உதடு ஒட்டாது. திருகாணிகளை அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளைந்து கசிவு கூடும்.

கழிவு எண்ணெய்

பயன்படுத்திய எண்ணெய் இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு இடர்மிகு கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அதனை மணலிலோ கழிமுகத்திலோ கொட்டாமல் மூடிய கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சித்தாமைகள் முட்டையிட வரும் இக்கரையில் இது கூடுதல் கவனத்துக்குரியது.

இவற்றையும் பார்க்க

* டீசல் பொறி
* உயவு எண்ணெய்
* கட்டுமரம்
* மீன்பிடித் தடைக்காலம்
* மாமல்லபுரம்