கண்ணை மூடாத வீரம்

வீரம் ரத்தத்தில் வரும் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். சின்ன வயசில் எனக்குச் சிலம்பம் சொல்லித் தந்த வாத்தியார் முதல் நாளே ஒன்று சொன்னார்: "கம்பு வரும்போது கண்ணை மூடாதேடா!" நான் மூடினேன், அடி வாங்கினேன். ஒரு மாசம் கழித்தும் பயம் போகவில்லை ஐயா; ஆனால் கண் திறந்தே இருந்தது!

வேலு நாச்சியாரை எண்ணிப் பாருங்கள். 1730இல் இராமநாதபுரம் சேதுபதிக்கு மகளாகப் பிறந்தவர். வாள், வளரி, சிலம்பம், குதிரையேற்றம் எல்லாம் பழகியவர். 1772இல் காளையார்கோவிலில் நவாப்பின் படையும் கும்பெனிப் படையும் அவர் கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றன. வெறும் ஆத்திரம் என்றால் அன்றைக்கே பாய்ந்து மாண்டிருப்பார். அவரோ மகளோடு தப்பினார். விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் அடைக்கலம், ஹைதர் அலியின் படையுதவி. எட்டு வருஷம் காத்திருந்து, 1780இல் சிவகங்கையை மீட்டார்!

வரும் அடியைப் பார்த்து, நேரம் அறிந்து, திருப்பி அடிப்பது களத்தில் கற்ற பாடம். சேதுபதி ரத்தம் பிறப்பில் வந்தது. அந்த நிதானம் பயிற்சியில்தான் வந்தது.

தாய்மார்களே, பெண் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். கையில் கம்பைக் கொடுத்து, "கண்ணை மூடாதே" என்று சொல்லுங்கள்.